விழுவதைப் பிடிக்காத கை

டம்ளர் மேசை விளிம்பில் ஒரு முறை தள்ளாடியது. "ஏய், ஏய்" என்று வீட்டுக்காரர் எழுவதற்குள் சரிந்துவிட்டது. இழையக்காவின் முழங்கைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. இரண்டு கைகளையும் தோள் வரைக்கும் உயர்த்திக்கொண்டு, உள்ளங்கை வெளியே தெரிய, டம்ளர் விழுந்து உருண்டு தண்ணீர் நாலா பக்கமும் ஓடுவதை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அலமாரிக்கு அடியில் போய் அடங்கிய பிறகுதான் கைகள் இறங்கின.

"விழுறது விழட்டும்," என்று சொல்லிவிட்டுத் துடைக்கத் துணி எடுக்கப் போனார்.

இந்த வீட்டில் எல்லாமே எவர்சில்வர். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள் பன்னிரண்டும் முதல் இரண்டு வருஷத்திலேயே கணக்கை முடித்துக்கொண்டன. வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். விழுகிற எதையும் பாய்ந்து பிடிக்கிற சுபாவம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மனைவியின் புகழ் பாடுவார். கல்யாணமான புதிதில், யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டின மாதிரி இவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பயந்தே போய்விட்டாராம். மகள் சின்னவளாக இருந்தபோது கட்டிலிலிருந்து உருளும் நேரமெல்லாம் தான் வீட்டில் இருந்ததால்தான் பிள்ளை பிழைத்ததாம். அது மட்டும் அபாண்டம் என்பார் இழையக்கா. பிள்ளையை ஒவ்வொரு முறையும் பிடித்தது இழையக்காவேதான். "பிள்ளைக்கு விதிவிலக்கு உண்டு," என்பார்.

பத்தொன்பது வயதில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் சேர்ந்தார். ஆய்வுக்கூடங்களுக்குக் குடுவையும் வளைகுழாயும் செய்கிற இடம். அங்கே கைநழுவி விழுகிற கண்ணாடி பெரும்பாலும் நெருப்பாகக் கொதிக்கும்; சூடு ஆறியதற்கும் ஆறாததற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. முதல் மாதமே ஒன்றைப் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்குக் கற்றுக்கொண்ட கை, இன்றைக்கு ஐம்பதை நெருங்கியும் மறக்கவில்லை.

இப்போது பதினோரு வருஷமாக வேறு வேலை. என்ன வேலை என்று மேல் மாடி அம்மா ஒரு முறை கேட்டார். "தொங்கவிடுற வேலை." எதைத் தொங்கவிடுவது? "கண்ணாடிய." அவ்வளவுதானே என்று அந்த அம்மா தன் குளியலறையில் சாய்ந்து கிடக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் நேராக மாட்டித்தரச் சொன்னார். இழையக்காவும் மறுபேச்சில்லாமல் போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆறு மாதத்தில் அது மறுபடி சாய்ந்துவிட்டது என்று புகார்.

அவர் வேலைபார்க்கும் இடத்தில் தொங்குவது வேறு ரகம். ஒரு முக்காலியின் தலை அளவுக்கு வட்டமாய், ஒரு சாண் கனமாய், நாற்பது கிலோ எடையில் ஓர் ஆடி. அதைத் தாங்குவது நான்கே நான்கு கண்ணாடி இழைகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கனம். ஒரு முழத்தைக் காட்டிலும் கொஞ்சம் நீளம். தடித்த கண்ணாடிக் குச்சியை லேசர் ஒளியில் உருக்கி, இரண்டு பக்கமும் இழுத்து, அந்த இழையைப் பிறப்பிப்பது இழையக்கா. அதை ஆடியின் விலாவில் பற்றவைப்பதும் அவரே. நைலான் கயிறு கிடையாதா, எஃகுக் கம்பி கிடையாதா என்று கேட்காதவர்கள் இல்லை. இருக்கிறது. ஆனால் கம்பிக்குள் ஓயாமல் ஒரு நடுக்கம் உண்டு; கண்ணாடியில் அது மிகமிகக் குறைவு. இந்த ஆடி ஆடாமல் அசையாமல் தொங்கவேண்டும்.

ஏனென்றால் அது ஒரு காது. நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு குழாய்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. உள்ளே காற்றே கிடையாது, உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். இரண்டு குழாய்க்குள்ளும் ஒளி போய், ஆடியில் மோதித் திரும்பி வருகிறது. வானத்தின் எங்கோ ஒரு கோடியில் இரண்டு கருந்துளைகளோ, செத்துச் சுருங்கிய இரண்டு நட்சத்திரங்களோ மோதிக்கொண்டால், அந்த மோதல் ஈர்ப்பு அலையாகப் பரவி வந்து பூமியையே ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் சுருக்கும். எவ்வளவு? இந்த நாலு கிலோமீட்டருக்கு, ஓர் அணுக்கருவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த அசைவைத்தான் இந்த ஆடிகள் சொல்லவேண்டும். அதுகளே ஆடிக்கொண்டிருந்தால் என்னத்தைச் சொல்வது?

இழைக்கு ஒரே ஒரு விரோதி: தொடுகை. பிறந்த மேனிக்கு இருக்கும்வரை அது எஃகையும் மிஞ்சும். ஒரு விரல் பட்டால், ஒரு துணி உரசினால், கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் விழும். அதற்கப்புறம் அது எப்போது அறும் என்று யாராலும் சொல்லமுடியாது. அதனால் இழையக்காவின் வாயில் ஒரு நாளைக்கு நூறு முறை வரும் சொல், "தொடாதீங்க." பார்வையாளர்களிடம் சொல்வார், பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களிடம் சொல்வார், யாரும் இல்லாதபோது தனக்கே சொல்லிக்கொள்வார். வளையல் போடமாட்டார். கைக்குக் களிம்பு தடவமாட்டார். பற்றவைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கமாட்டார்; கை நடுங்குமாம். நேராக, ஒழுங்காக வந்த இழை "சமத்து". கோணிக்கொண்டு வந்தது "அடம்". அடத்தை அப்போதே உடைத்துப் போட்டுவிடுவார், ஒரு சொட்டு வருத்தம் இல்லாமல்.

ஆடிக்கு அந்தப் பக்கம் நின்று இவருக்குக் கூடமாட உதவுகிறவருக்கு இழையக்கா வைத்த பெயர் எதிர்க்கை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்; வாய் ஓயாது, ஆனால் வேலையில் கெட்டி. எல்லாருக்கும் மேலே இருக்கிற தலைவருக்கு ஆய்வுக்கூடமே வைத்த பெயர் காலண்டர் சார். அவர் அறைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். காலை ஒன்பதுக்கு அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவார். வணக்கம்கூடச் சொல்லமாட்டார். "அறுபத்தி நாலு," என்பார். இன்னும் எத்தனை நாள் என்று அர்த்தம். உலகத்தில் இதே மாதிரி வேறு இரண்டு காதுகள் தயாராக இருந்தன. மூன்றும் சேர்ந்து கேட்கத் தொடங்கும் தேதி குறித்தாயிற்று. இரண்டு காது இருந்தால் சத்தம் வந்தது தெரியும். மூன்று இருந்தால்தான் எங்கிருந்து வந்தது என்று ஓரளவுக்காவது தெரியும். அந்த மூன்றாவது காது இவர்களுடையது.

போன வருஷம், காலண்டர் சார் "இருபத்தி மூணு" என்று சொன்ன நாளில், கடைசி ஆடியின் நாலாவது இழையையும் பற்றவைத்து முடித்தார்கள். கீழே முட்டுக்கொடுத்திருந்த தாங்கியை மயிரிழை மயிரிழையாக இறக்கினார்கள். ஆடி தொங்கியது. எல்லாருக்கும் போன மூச்சு வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, ஆடியைச் சுற்றியிருக்கும் தொட்டியை மூடிக் காற்றை உறிஞ்சத் தொடங்குவது என்று ஏற்பாடு.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிச் சோதனை. இழையக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு இழையாகப் பார்த்து வந்தார். எதிர்க்கை அந்தப் பக்கம் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து துடைக்கிற துணி நழுவியது. மெல்லிய, தூசு விடாத வெள்ளைத் துணி. காற்றில் ஆடி ஆடி, மெதுவாக இறங்கியது.

உடைகிற சாமான் என்றால் வேகமாக விழும். இழையக்காவின் கை தானாக மேலே போயிருக்கும். இது அவசரமே இல்லாமல் இறங்கியது. முப்பது வருஷப் பழக்கம் அதை விழுகிற பொருளாகவே மதிக்கவில்லை. எட்டிப் பிடித்துவிட்டார்.

"சூப்பர் கேட்ச் அக்கா," என்றார் எதிர்க்கை. அவர் துணி எங்கே விழப்போகிறது என்று கீழே குனிந்திருந்தார்; பார்த்தது துணியைப் பிடித்த கையை மட்டும்தான்.

இழையக்கா பார்த்தது வேறு. மூன்றாவது இழையின் மேல் விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோடு ஒரு முறை, ஒரே ஒரு முறை, சிலிர்த்தது. சட்டைக்கையின் விளிம்பு பட்டதா, இல்லை கை போன வேகத்தில் காற்று பட்டதா? கையுறைக்குள் இருக்கிற விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். ஒன்றும் இல்லை. இருந்தாலும் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். சோதனை முடிந்தது என்கிற தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். காலையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் அடுப்படியில் பாத்திரத்தின் மூடி நழுவியது. இழையக்கா அதைப் பாதி வழியில் பிடித்தார்.

வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருபத்து நாலு வருஷத்தில் பார்க்காத காட்சி. "என்ன ஆச்சு உனக்கு?" என்றார்.

இழையக்கா மூடியை வைத்துவிட்டு, உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். துணி விழுந்தது, கோடு சிலிர்த்தது, யாரும் பார்க்காதது. சொன்னால் அந்த இழையை அறுத்துவிட்டு வேறு இழுக்கவேண்டும், மறுபடி தொங்கவிடவேண்டும், ஐந்து வாரம் ஆகும், தேதி போய்விடும். சொல்லாவிட்டால் ஒருவேளை பத்து வருஷம் நிற்கும். ஒருவேளை அடுத்த மாதமே அறும், ஒன்று அறுந்தால் பாரம் தாங்காமல் மற்ற மூன்றும் போகும், ஆடி விழும், தொட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து மறுபடி வைக்க அரை வருஷம்.

வீட்டுக்காரர் புத்தி சொல்லவில்லை. ஒரு முறை ஆள் நிரம்பிய வண்டியைப் பாதி வழியில் டிப்போவுக்குத் திருப்பிய கதையைச் சொன்னார். சக்கரத்தில் ஏதோ சத்தம். அவருக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

"சக்கரத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் இழையக்கா.

"ஒண்ணுமே இல்லை," என்றார் அவர். "ஆனா அன்னிக்கு நல்லா தூங்கினேன்."

மறுநாள் காலை காலண்டர் சார் தாளைக் கிழித்துக்கொண்டு "இருபத்தி ரெண்டு" என்று வெளியே வந்தபோது, இழையக்கா கதவடியிலேயே நின்றுகொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தார். எதிர்க்கையின் முகம் துணி மாதிரி வெளுத்துவிட்டது.

"தொட்டுச்சா, தொடலையா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா," என்றார் காலண்டர் சார்.

"தெரியலை சார்."

"நூத்துக்கு எத்தனை பங்கு தொட்டிருக்கும்?"

"நான் கண்ணாடிக்காரி சார், ஜோசியக்காரி இல்லை. தெரியலைங்கிறதுதான் இப்ப விஷயமே."

காலண்டர் சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் ஆனது. எதிர்க்கை, துணியை நழுவவிட்டது நான்தானே அக்கா, நான்தானே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தபோது சுவரில் காலண்டர் இல்லை. அதைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடியிருந்தார் மனிதர்.

"அறுத்துடுங்க," என்றார்.

புதிதாக இழுத்த முதல் இழை அடம். இரண்டாவது எடைச் சோதனையில் உடைந்தது. மூன்றாவது சமத்து. ஐந்து வாரம் என்றது ஐந்தரை வாரம் ஆனது. அதற்குள் மற்ற இரண்டு காதுகளும் கேட்கத் தொடங்கிவிட்டன. தொடங்கிய ஒன்பதாம் நாளே அவற்றுக்கு ஒரு பெரிய சத்தம் கிடைத்தது. இரண்டு செத்த நட்சத்திரங்களின் மோதல். எங்கிருந்து வந்தது என்று சொல்ல இரண்டு காதால் முடியவில்லை. உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் வானத்தைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பின. "நம்மளும் இருந்திருந்தா..." என்று சாப்பாட்டுக்கூடத்தில் யாரோ ஆரம்பித்து, இழையக்காவைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது. கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அறுத்தெடுத்த அந்த இழையை அவர் தூக்கி எறியவில்லை. அறுக்கும்போதே தடித்த முனைகளோடு சேர்த்து எடுத்திருந்தார். தன் பட்டறை மூலையில், முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெட்டிக்குள் அதைத் தொங்கவிட்டு, ஆடியில் அது தாங்கிய அதே பத்துக் கிலோ பாரத்தைக் கீழே மாட்டினார். அடியில் ஒரு தட்டு நிறைய மணல். எதற்கு என்று காலண்டர் சார் கேட்டார். எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார் இழையக்கா.

நின்றது. ஒரு மாதம் நின்றது, இரண்டு மாதம் நின்றது. காலையில் வந்ததும் கைப்பையை வைப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கூடத்தில் எல்லாருக்குமே அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. "இன்னும் தொங்குதா அக்கா?" என்பார்கள், டீக் கோப்பையோடு போகிறபோக்கில். கிண்டல்தான், விஷம் இல்லை. ஆனாலும் அது அறாத ஒவ்வொரு நாளும், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த ஐந்தரை வாரமும் இவரால் வீண் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இழையக்கா சிரிப்பார். "தொங்கட்டும், பாவம்," என்பார். எதிர்க்கைதான் பொறுக்கமாட்டார். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக் கிடங்கில் போட்டுவிடலாம் என்றார். இழையக்காவின் "தொடாதீங்க" என்ற ஒரே சொல்லில் வாயை மூடிக்கொண்டார்.

நாலாவது மாதம், ஒரு பிற்பகலில், மூன்று காதும் சேர்ந்து ஒரு சத்தத்தைக் கேட்டன. மறுபடியும் இரண்டு செத்த நட்சத்திரங்கள். இந்த முறை திசை தெரிந்தது. அது காட்டிய மூலையில் தொலைநோக்கிகள் தேடின. நேற்று வரைக்கும் இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி அங்கே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் பெரியவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிக் குதித்தார்கள். இழையக்காவைத் தேடிப் பிடித்து இழுத்துவந்து, அந்த அசைவை ஒலியாக மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். தாழ்வாக முனகத் தொடங்கி, ஏறி ஏறிப் போய், சட்டென்று நின்றது.

"அவ்வளவுதானா?" என்றார் இழையக்கா.

அவ்வளவுதான், ஆனால் முப்பது கோடி வருஷம் நடந்து வந்து சேர்ந்திருக்கிறது என்றார் எதிர்க்கை. இழையக்கா மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டார். தான் தொங்கவிட்டது இதைக் கேட்டது என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. அன்றைக்குக் காலண்டர் சார் எல்லாரையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். இழையக்காவிடம் வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். பெட்டியில் இழை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஏழாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். இழையக்கா பட்டறையில் குச்சிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மூலையில் "டிக்" என்றது. சின்னச் சத்தம்தான், பல்லியோ என்று நினைக்கலாம். தொடர்ந்து மணலில் 'பொத்' என்று ஒன்று விழுந்தது.

திரும்பினார். பாரம் மணலில் பாதி புதைந்து கிடந்தது. இழை இருந்த இடத்தில் இழை இல்லை. கண்ணாடித் தூள் பெட்டிக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. கதவைக்கூட யாரும் சாத்தவில்லை. இரண்டு கைகளும் தோள்மட்டத்தில் இருப்பதை அவர் பிறகுதான் கவனித்தார்.

அப்படியே காலண்டர் சார் அறைக்குப் போனார்.

"சார், அறுந்துடுச்சு."

அவர் எழுதிக்கொண்டிருந்தார். தலை தூக்கினார், முகத்தில் ரத்தம் இல்லை. அவர் கண்கள் முதலில் போனது சுவரில் இருக்கும் திரைக்கு. அதில், நாலு கிலோமீட்டருக்கு அப்பால் தொட்டிக்குள் தொங்கும் ஆடியின் அசைவைக் காட்டும் கோடு, எப்போதும்போல நேராக ஓடிக்கொண்டிருந்தது.

"எது?" என்றார்.

"பெட்டியில இருந்தது சார்."

காலண்டர் சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் கையிலிருந்த பேனா மேசைமேல் விழுந்து, விளிம்பை நோக்கி உருளத் தொடங்கியது.

அவருக்குத்தான் பக்கம். எட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் மெதுவாகத் தோள் வரைக்கும் உயர்த்தி, உள்ளங்கைகளை இழையக்காவுக்குக் காட்டியபடி நின்றார். இழையக்காவின் கைகளும் உயர்ந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக, பேனா உருண்டு போய்க் கீழே விழும்வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.